ஒன்பதாம் லைனைச் சோதித்த நாள்

பெயர்: சகாயசெல்வி. வயது: 31. தகப்பனார் பெயர்: இஞ்ஞாசி. முகவரி: மேற்குத் தெரு, கடியபட்டணம், கன்னியாகுமரி மாவட்டம். தேதி: 22.02.2014.

நான் மேற்படி முகவரியில் என் தகப்பனாருடன் குடியிருந்து வருகிறேன். ஐ.டி.ஐ. படித்து முடித்து, ஆறு ஆண்டுகளாகத் தேவகுமார் என்பவர் நடத்தும் ஒலி ஒளி அமைப்பு நிறுவனத்தில் கேபிள் இழுத்துச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் பிரபின், வயது 34, எங்கள் ஊர்க்காரர். அவர் மனைவி லிஜா என்னுடன் பள்ளியில் படித்தவர்.

தக்கலை அருகே புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்றில், மேடைக் கேமராவின் படத்தையும் ஒலியையும் சாப்பாட்டு ஹாலில் உள்ள பன்னிரண்டு டிவிகளுக்குக் கொண்டுபோகும் வேலையை நாங்கள் செய்துவந்தோம். இதற்கு, இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் கொண்ட கேபிளைப் பயன்படுத்துவோம். டிவிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு லைன்கள். திறப்பு விழா 20ஆம் தேதி என்று வைத்திருந்தார்கள்.

18ஆம் தேதி காலை பத்து மணிக்கு எல்லா லைன்களையும் சோதித்தேன். ஒன்பதாம் லைனில் சோதனைக் கருவியின் எட்டு விளக்குகளும் வரிசையாகவே எரிந்தன, கம்பிகளில் பழுதில்லை. ஆனால் படம் போட்டுப் பார்த்தபோது கோடுகள் மேல்நோக்கி ஓடின, ஒலியில் இரைச்சல் இருந்தது. அதன்பின் நானும் பிரபினும் சாப்பாட்டு ஹாலின் பொய்க்கூரையைத் திறந்து பார்த்ததில், அந்த ஒரு கேபிளை மட்டும் கரண்ட் வயர் போகும் குழாய்க்குள்ளேயே யாரோ சேர்த்து இழுத்திருந்தது தெரிந்தது. அதை உருவி எடுத்து, ஓரடி தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று தேவகுமாரிடம் சொன்னேன். மண்டப உரிமையாளர் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருகிறார், அதற்குள் முடியுங்கள் என்று அவர் சொன்னார்.

அதன்பின் நான் சுவிட்ச் அறைக்குச் சென்று சாப்பாட்டு ஹாலின் மெயினை அணைத்தேன். பிரபின் தன் செல்போனையும் வாட்சையும் ஹாலில் இருந்த மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சுடன் கூரைக்குள் ஏறினார். நான் சுவிட்ச் அறை வாசலிலேயே நின்றேன். அங்கிருந்து சாப்பாட்டு ஹால் தெரியாது.

பதினொன்றே முக்கால் மணிக்குத் தேவகுமார் வேகமாக வந்து, உரிமையாளரின் கார் வந்துவிட்டது, மெயினைப் போடு என்றார். கீழே இறங்கியிருந்தால் மேசைமேல் இருக்கும் போனை எடுப்பார் என்று நான் பிரபினுக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடியும் செய்தேன், எடுக்கவில்லை.

நான் தேவகுமாரிடம், "அவன் போன எடுக்கல்ல சார். ஒருக்கா போய் பாத்துட்டு வாறேன்" என்றேன்.

அதற்கு அவர், "நான் இப்பம்தான் கண்டுட்டு வாறேன். அவன் எறங்கி சாயா குடிக்கான். போடு மக்கா" என்றார்.

சாப்பாட்டு ஹாலுக்கு அங்கிருந்து முப்பது காலடி தூரம் இருக்கும். நான் போகவில்லை. மெயின் சுவிட்சை நான் போட்டேன்.

உடனே ஏதோ உடைந்து விழும் சத்தம் கேட்டு ஓடினேன். கூரைப் பலகை உடைந்து, பிரபின் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. வலது உள்ளங்கை கருகியிருந்தது. கேபிளை உருவும்போது கரண்ட் வயரின் தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அவர் தலைக்கு நேர் மேலே ஒன்பதாவது டிவி இருந்தது. காலி மேடையும் அதில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளும் கோடு ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தன. வேலையை அவர் முடித்திருந்தார்.

அதன்பின் அவரை மண்டபத்து வேனில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்தில்லை என்றும், முதுகெலும்பு முறிந்ததால் இரண்டு காலிலும் உணர்வில்லை என்றும் டாக்டர் சொன்னார்.

மறுநாள் தேவகுமார் என்னிடம், பிரபின் தானே வந்து மெயினைப் போடச் சொன்னதாகச் சொல்லிவிடு, இல்லையென்றால் சுவிட்சைப் போட்ட கை உன்னுடையது, உள்ளே போவது நீதான் என்றார்.

நேற்று, 21ஆம் தேதி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஜா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரபின் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எறங்கிட்டேன் போடுன்னு நாந்தான் சொன்னேன், பொறவு மறந்து திரும்ப ஏறிட்டேன்னு போலீசுல சொல்லியாச்சு, கேட்டியா. நீ பேசாம இரி செல்வி. நீயும் உள்ள போனா உங்க அப்பாவ யாரு பாப்பா?" என்றார். தேவகுமார் முந்தின நாளே அங்கு வந்து, செல்வியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொன்னதாக லிஜாவிடமிருந்து அறிந்தேன்.

பிரபின் கொடுத்திருக்கும் அந்த வாக்குமூலம் உண்மையல்ல. அவர் கீழே இறங்கவே இல்லை. போடு என்று என்னிடம் சொல்லவும் இல்லை. எனக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்வதற்காக இன்று காலை யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன். என் தகப்பனாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் படகுத்துறை பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, பஸ் ஏற்றிவிட்டார்.

நான் சொன்னதை எழுதி முடித்து, உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில் 'மெயின் சுவிட்ச் போடப்பட்டது' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'நான் போட்டேன்' என்று திருத்தும்படி கேட்டேன். திருத்திய இடத்தில் என் கையெழுத்து உள்ளது. மற்றவை யாவும் நான் கண்டபடியும் செய்தபடியும் சரியாக உள்ளன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. சகாயசெல்வி