நடுக்கூடத்துச் சுவர்

கூரையைக் காணோம் என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப் பேர் எங்களிடம் வருவார்கள். "நேத்து வரைக்கும் இருந்துச்சு மேடம், இன்னிக்குத் திறந்து பாத்தா வீடு மொட்டையா நிக்குது" என்று பதறிப்போய் எழுதுவார்கள். கூரை எங்கும் போயிருக்காது. மாடியின் உயரத்தை மாற்றும்போது கை தவறி அதை மறைத்து வைத்திருப்பார்கள். மறைத்ததைத் திரும்பக் காட்டும் பொத்தான் எங்கே என்று சொன்னால் போதும், போன உயிர் வந்த மாதிரி நன்றி சொல்வார்கள்.

வீட்டு வரைபடம் போடுகிற மென்பொருள், ஐயா. பொறியாளர்களுக்கு வேறு இருக்கிறது. இது தன் வீட்டைத் தானே வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. நான் அதன் உதவிப் பிரிவில் இருக்கிறேன். கேள்வியோடு வரைபடத்தையும் அனுப்புவார்கள், நான் பார்த்துப் பதில் எழுதுவேன். படிக்கட்டு போய் மேல்தளத்தில் முட்டுகிறதென்றால் தளத்தில் துளை போட மறந்திருப்பார்கள். அறையின் பரப்பளவு வரவில்லை என்றால் ஏதோ ஒரு மூலையில் இரண்டு சுவர்கள் முடியளவு சேராமல் நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். எங்கள் மேற்பார்வையாளர் என்னை 'மருத்துவச்சி' என்றுதான் கூப்பிடுவார். எந்தச் சிக்கலையும் சுகப்பிரசவமாக முடித்து அனுப்பிவிடுவேனாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று இந்த ஸ்டேஷனில் உங்கள் உதவி ஆய்வாளர் மென்பொருளில் ஏதோ கோளாறு இருந்திருக்கும் என்றார். அப்படி எழுதிவிடாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

என் மகளை நாங்கள் நத்தை என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் தலையணை, போர்வை, பொம்மை எல்லாவற்றையும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஊர்வாள். எங்கே இறக்கி வைக்கிறாளோ அதுதான் அன்றைக்கு அவள் வீடு. நானும் அவள் அப்பாவும் பிரிந்தபோது என்னோடுதான் வந்தாள். வீடு அவருடையது, வெளியே வந்தது நான். நான் பிடித்த இடம் ஒரே அறை. அடுப்பும் கட்டிலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். நடுவில் திரை கட்டி, அந்தப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்தேன். அவள் படிக்கும்போது முழங்கை பட்டுத் திரை புடைக்கும். அந்தப் புடைப்பைப் பார்த்துக்கொண்டே நான் வேலை செய்வேன். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விவரம் தெரிந்த வயது வந்ததும் யாரோடு இருக்க விருப்பம் என்று நீதிபதி அவளையே கேட்டார். அவள் என் பக்கம் திரும்பாமல் "அப்பாகூட" என்றாள். வெளியே வந்ததும் என் புடவை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோச்சுக்காதம்மா. ஞாயித்துக்கிழமை வந்துருவேன். அப்பா எனக்குன்னு ரூம் கட்டித் தர்றேன்னாரு. கதவு வெச்ச ரூம்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. திரையைக் கழற்றவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிறு ஒன்றுதான் கிழமை. மற்ற நாட்களில் சோறு இறங்காது. அவள் விட்டுப்போன சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தேன், அதன் வாசனையும் போய்விட்டது. பிறகு ஞாயிறும் தவறத் தொடங்கியது. ஒரு வாரம் பரீட்சை என்பாள், ஒரு வாரம் சிநேகிதி வீடு என்பாள். அலுவலகத்தில் பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, சைக்கிள் கடை நிழலில் போய் நிற்பேன். ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். தோழிகளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள்.

"இப்படி வந்து நிக்காதம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா என்ன? அம்மாதானே?"

"அதுக்கில்ல." கொஞ்ச நேரம் செருப்பால் தரையைக் கீறினாள். "உன்னைப் பாத்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. பாவமா இருக்கு. எனக்கு அது பிடிக்கல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. முழுகிப்போகிறவள் துரும்பைப் பிடித்தாலும் பிடிப்பாள் என்பார்கள். எனக்குத் துரும்பு கூடக் கண்ணில் படவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பாவமாகிப்போன பிறகு ஒருத்திக்கு என்ன மிச்சம்?

அந்தச் சமயத்தில்தான் அந்த வரைபடம் வந்தது. திறந்ததுமே கை நின்றுவிட்டது. அனுப்பியவர் பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குளியலறைச் சுவர் கோணலாக இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை நான் முழங்கையை இடித்துக்கொண்ட கோணல் அது. சமையலறைக் கதவு, பின்கட்டுப் படி, எல்லாம் நான் பெருக்கித் துடைத்த இடங்கள். கணினித் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவள் அப்பாவுக்குத் தெரியாது. எங்கள் பெயரை நிறுவனம் காட்டுவதில்லை, ஒரு பெண் படம் மட்டும் இருக்கும்.

'நடுக்கூடத்துச் சுவரை எடுத்துட்டுப் பின்ரூமைப் பெரிசாக்கணும் மேடம். பொண்ணுக்கு. சுவரை அழிச்சா சிவப்பு முக்கோணம் வருது. இப்படியே பெர்மிட்டுக்குக் குடுத்தா வாங்க மாட்டாங்க. என்ன பண்றது?'

எங்கள் மென்பொருளில் சுவர் இரண்டு வகை. ஒன்று பாரம் தாங்கும் சுவர், இன்னொன்று தடுப்புச் சுவர். தடுப்புச் சுவரை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். பாரம் தாங்குவதை அழித்தால் சிவப்பு முக்கோணம் வந்து, மேலே உள்ள பாரத்துக்குத் தாங்கல் இல்லை என்று சொல்லும். பொறியாளரிடம் காட்டுங்கள், மேலே உத்தரம் போட்டுத் தாங்காமல் சுவரில் கை வைக்காதீர்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வேண்டிய பதில். நான் அதைத்தான் எழுதினேன், ஐயா. சத்தியமாக எழுதினேன். அனுப்புவதற்குள் அவரிடமிருந்து இன்னொரு வரி வந்தது.

'கொஞ்சம் சீக்கிரம் மேடம். பொண்ணு இவ்வளவு நாளா அவ அம்மாகிட்ட ஒரு துணிக்குப் பின்னாடி கிடந்துச்சு.'

கிடந்துச்சு என்று எழுதியிருந்தார்.

நான் எழுதியதை அழித்தேன். சுவரின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள், வகை என்ற இடத்தில் தடுப்புச் சுவர் என்று மாற்றுங்கள், அதன் பிறகு அழியுங்கள், எச்சரிக்கை வராது என்று எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் 'சூப்பர் மேடம், போயிடுச்சு' என்று பதில் வந்தது. எனக்கு எல்லா நட்சத்திரமும் போட்டிருந்தார். குடித்தனம் நடத்திய காலத்தில் என் குழம்புக்குக் கூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போது நான் நினைத்தது இவ்வளவுதான். பெர்மிட் அலுவலகத்தில் எவராவது பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். திருப்பி அனுப்புவார்கள். அலைச்சலில் மாதங்கள் போகும், அவளுக்கும் அந்த அறை ஆசை சலித்துவிடும். ஆனால் தாளில் சிவப்பு இல்லை என்றால் அங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை போலிருக்கிறது. முத்திரை விழுந்துவிட்டது.

இடிக்கிற அன்றைக்கு அவர் மறுபடி எழுதினார். 'சுவரைத் தட்டிப் பாத்தேன் மேடம். கல்லு மாதிரி இருக்கு. தடுப்புச் சுவருன்னா இப்படியா இருக்கும்? மனசு ஒப்பல. ஆளுங்களை நிறுத்தி வெச்சிருக்கேன்.'

பழைய வீடுகளில் தடுப்புச் சுவரையும் கெட்டியாகத்தான் கட்டுவார்கள், வரைபடத்தில் எச்சரிக்கை வராதவரை கவலை வேண்டாம் என்று பதில் எழுதினேன்.

இதுவரை எங்கள் நிறுவனத்துப் பதிவில் நீங்கள் படித்ததுதான். படித்துவிட்டு அஜாக்கிரதை என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அவர் அனுப்பிய வரைபடத்தில் மொட்டைமாடி இல்லை. அதை வரைய அவருக்குத் தோன்றவில்லை. அந்தச் சுவருக்கு நேர் மேலே செங்கல் வைத்துக் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குள் இறங்கிப் பாசி தேய்த்தவள் நான். நிறைந்துவிட்டால் வீட்டுத் தலையில் யானை ஏறி உட்கார்ந்த மாதிரிதான். மென்பொருளுக்குத் தொட்டி இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும்.

அறை முடிந்ததும் நத்தை எனக்கு அதன் படத்தை அனுப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டில், மேசை, நீலக் கதவு. படம் முழுக்க அந்தக் கதவுதான். அழகாகத்தான் இருந்தது. நான் வரைந்திருந்தால் ஜன்னலை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருப்பேன்.

பிறகு ஒரு நாள், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம், தானாகவே போன் செய்தாள். எத்தனை நாள் கழித்து! அவள் குரலைக் கேட்டதும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

"அம்மா, என் ரூம்ல மேல ஒரு கோடு விழுந்திருக்கு. முதல்ல முடி மாதிரி இருந்துச்சு. இப்ப நகம் உள்ள போகுது. அப்பா, பூச்சு காயற கோடுங்கறாரு. நீதான் இந்த வேலையில இருக்கியே, நீ சொல்லு."

"பயமா இருக்கா?"

"லேசா."

"அப்ப இங்க வந்துடு. இன்னிக்கே வா. உன் இடம் அப்படியேதான் இருக்கு."

"எதைக் கேட்டாலும் அங்கயே கொண்டுபோய் நிறுத்தறியே. நான் கோட்டைப் பத்தித்தானேம்மா கேட்டேன்?"

கோட்டைப் பற்றி நான் சொன்ன பதில் இதுதான். "அப்பா சொல்றது சரிதான். புதுப் பூச்சு அப்படித்தான் விரியும்."

ஏன் என்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே முட்டுக் கொடுத்து உத்தரம் போட்டிருப்பார். மகளுக்கு ஒன்று என்றால் மலையையும் புரட்டுகிற மனிதர். அந்த அறை அதன் பிறகு காலத்துக்கும் நிற்கும். அவள் அதிலேயே படித்து, அதிலேயே வளர்ந்து, அங்கிருந்தே எங்கோ போய்விடுவாள். கோடு இன்னும் கொஞ்சம் விரிந்தால், பயம் இன்னும் கொஞ்சம் முற்றினால், காய் பழுத்து விழுகிற மாதிரி என் மடியில் வந்து விழுவாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே திரையைத் துவைத்துப் போட்டேன், மெத்தைக்குப் புது உறை மாற்றினேன். நான் அவளைக் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை. இதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்தது. பரீட்சை முடிந்து வந்து மதியம் படுத்திருக்கிறாள். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வாசலில் நின்றிருக்கிறார். தொட்டி நிறைந்து வழியும் நேரத்தில் உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டதாம். அவர் தெருவுக்கு ஓடியிருக்கலாம், அவர் உள்ளே ஓடினார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அவள்மேல் குப்புறக் கவிழ்ந்த நிலையில்தான் எடுத்தார்கள். தலையையும் மார்பையும் அவரால் மறைக்க முடிந்திருக்கிறது. மீதிக்கு அவர் உடம்பு போதவில்லை.

அவர் நல்ல அப்பா, ஐயா. நான் ஒருபோதும் அதை மறுத்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஆகவே கோளாறு என்றும் எழுதாதீர்கள், அஜாக்கிரதை என்றும் எழுதாதீர்கள். அது பாரம் தாங்கும் சுவர் என்று எனக்குத் தெரியும். மேலே தொட்டி இருப்பது தெரியும். கோடு எதற்கு விழுகிறது என்றும் தெரியும். கீழே படுத்திருப்பது யார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

அவள் இப்போது என் அறையில்தான் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "நான்தாம்மா ரூம் கேட்டேன், என்னாலதான் அப்பா போயிட்டாரு" என்று ஓயாமல் அழுகிறாள். யார் மேலும் தப்பில்லை என்று நான் தலையைத் தடவிக்கொடுக்கிறேன். இப்போது பக்கத்து வீட்டு அம்மா கூட இருக்கிறார், ஆனால் அவர் ஊட்டினால் இவள் வாய் திறப்பதில்லை. புரட்டிப் படுக்க வைக்கவும் துடைத்துவிடவும் நான்தான் வேண்டும். அதனால் இன்று இங்கே சொன்னது எதுவும் அவள் காதுக்குப் போக வேண்டாம். பிஞ்சு மனசு, தாங்காது.

காலையில் நான் கிளம்பும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டு எங்கயும் போயிடாதம்மா" என்றாள். கெட்டது நினைக்கிற தாயிடம் ஒரு பிள்ளை அப்படிக் கேட்குமா, நீங்களே சொல்லுங்கள்.