பேஸ் கிட்டாருக்கு எண்ணெய் போட்ட விதம்

பேஸ் கிட்டாரின் உடம்பைத் துடைக்காதவர் யாருமில்லை, சார். கழுத்தைத் துடைப்பவர்தான் இல்லை. உடம்பு சபைக்குத் தெரியும். கழுத்து, அதிலும் விரல்கள் ஓடுகிற அந்த ஈட்டிமரப் பலகை, வாசிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வியர்வையும் செத்த தோலும் சேர்ந்து பலகையில் குறுக்கே பதித்த ஒவ்வொரு ஃபிரெட் கம்பியின் ஓரத்திலும் கறுப்பாகப் பிசுக்கு கட்டிவிடும். அதைச் சுரண்டி ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். ஆளைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்காது.

நான் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். லென்ஸ் பொருத்துவது, துடைப்பது, சட்டம் சரிசெய்வது. நாளெல்லாம் ஊரார் கட்டைவிரல் ரேகையைத் துடைத்தே வயதாகிவிட்டது. கண்ணே தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டு வருவார்கள். வாங்கிப் பார்த்தால் லென்ஸில் குழம்பு இருக்கும். துடைத்துக் கொடுப்பேன். "அடடா, இப்ப நல்லாத் தெரியுது" என்பார்கள். என்னைச் சுற்றியிருக்கும் மனிதர்களின் தரம் இதுதான் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த பேஸ் என்னுடையது. நானே வாங்கி, நானே பழகி, எங்கள் குழுவில் நானே வாசித்தது. நான் தாளம் தப்பியதே கிடையாது. டிரம்மரே சொல்லியிருக்கிறார். "நீ கடிகாரம் மாதிரிப்பா" என்பார்.

இடையில் முதுகுப்பிடிப்பு வந்து சில வாரம் படுத்துவிட்டேன். ஒத்திகை நிற்கக் கூடாதென்று மாப்பிள்ளை என் பேஸை எடுத்துப்போனார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நீங்கள் போட்டோவில் பார்த்தவர். லாரி ஓட்டுகிறவர், இசை எதுவும் முறையாகக் கற்காதவர். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பழகிய கை. நான் எழுந்து போனபோது குழுவில் எல்லோருடைய முகமும் மாறியிருந்தது. டிரம்மர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காத. அவர் வாசிக்கறப்ப எனக்கு வேலை செய்யற மாதிரியே இல்ல. நீ கூடவே இரு. சவுண்டு, ஒயரு எல்லாம் பாத்துக்க."

தங்கை அதைவிடச் சுருக்கமாக முடித்தாள். "வீட்ல சும்மாதானே கெடக்கும்ணா. அவருக்கே குடுத்துடேன்."

கொடுத்துவிட்டேன். எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. அதை வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் பிரச்சினை அழுக்கு மட்டும்தான்.

மாப்பிள்ளை வறுவல் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார். பாட்டு தொடங்கும் முன் வலது கை, இடது கை என்று எல்லா விரல் நுனியையும் நாக்கில் தொட்டுக்கொள்வார், ரூபாய் நோட்டு எண்ணுகிறவரைப் போல. நடுவிலும் தொடுவார். அந்த எச்சில் விரலோடு என் பலகைமேல் ஓடுவார். நான் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மச்சான், இந்த அழுக்குலதான் சத்தமே இருக்கு. தொடச்சீங்கன்னா ஓடிப்போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாடகி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். கால்வாசிப் பாட்டில் சுருதி விலகுகிற அம்மாள் அவள். இந்தக் கூட்டம் கைதட்டி ஒருவரை மேதை என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்குக் கொட்டை வகை எதுவும் ஆகாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். நன்றாகத் தெரியும். ஒருமுறை என் வீட்டில் பிஸ்கட் தின்று உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மனிதர் நீலம் பாரித்துவிட்டார். தங்கை தண்ணீர் எடுக்க ஓடினாள். இந்த ஒவ்வாமைக்கென்று டாக்டர் கொடுத்திருந்த ஊசிப்பேனாவை எடுத்துத் தொடையில் குத்தியது நான்தான். அப்புறம் கொஞ்ச நாள் என்னை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார். கை பிசுபிசுவென்றிருக்கும்.

போன மாதம் நானே கேட்டேன். "கழுத்து ரொம்ப மோசமா இருக்கு மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை எங்கிட்ட விடுங்க, சுத்தம் பண்ணித் தரேன்."

அவருக்கு ஒரே சந்தோஷம். "நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை மச்சான்" என்று உறையோடு அப்படியே தந்துவிட்டார். உறையின் பக்கவாட்டுப் பையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கவனக்குறைவு அவருடையது.

வேலையை நான் முறைப்படி செய்தேன். தந்திகளைத் தளர்த்திக் கழற்றினேன். காந்தம் இருக்கும் பகுதியை டேப் ஒட்டி மூடினேன். இல்லையென்றால் எஃகுப் பஞ்சின் தூள் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய அட்டை ஒன்றின் விளிம்பால் பிசுக்கைச் சுரண்டினேன். பிறகு மிக நைசான எஃகுப் பஞ்சால், மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே மெதுவாகத் தேய்த்தேன். ஃபிரெட் ஓரங்களுக்குப் பல் துலக்கும் பிரஷ். கழுத்தின் பின்பக்கம் வார்னிஷ் பூசியது. அதற்கு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியும் உடனே உலர்துணியும் போதும். முன்பக்கப் பலகை வெறும் மரம். தண்ணீர் படக் கூடாது. எண்ணெய்தான் கேட்கும்.

கடையில் இதற்கென்றே எண்ணெய் விற்கிறது. என்னிடமும் ஒரு புட்டி இருந்தது. நான் எடுத்தது அக்ரூட் கொட்டை எண்ணெய், சமையலுக்கு விற்பது, சுத்திகரிக்காமல் செக்கில் ஆட்டியது. மரவேலைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மரத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. பூசிச் சற்று ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும் என்பது முறை. அந்த ஒரு இடத்தில் மட்டும் முறையை விட்டேன். துடைக்கவில்லை. புதுத் தந்திகளை மாட்டி அவற்றுக்கும் ஒரு கை தடவினேன். மரம் இருட்டிய தேன் நிறத்துக்கு வந்தது. அவ்வளவு அழகாக அதை நானே பார்த்ததில்லை.

உறையும் நாறியது. சோப்புத் தூளில் ஊறவைத்துத் துவைத்து மாடிக்கொடியில் போட்டேன். நனைந்துவிடக் கூடாதே என்று, பக்கப்பையில் இருந்ததை முன்பே எடுத்துவைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை, டயர் கடை மாடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒத்திகை அறை. பேஸைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனேன். மாப்பிள்ளை பலகையைத் தடவிப் பார்த்து, "அடேங்கப்பா, கல்யாணப் பொண்ணு மாதிரி பண்ணிட்டீங்களே" என்றார். டிரம்மர்கூட வந்து எட்டிப் பார்த்தார். என் வேலையை அந்த அறையில் ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தங்கை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை ஒரு சுற்று வாசித்து விரலைப் பழக்கினார். பிறகு வழக்கம்போல விரல்களை நாக்கில் தொட்டார். இரண்டாவது பாட்டின் நடுவில் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் பேஸைத் தோளிலிருந்து இறக்கினார். அப்போதும் கீழே போடவில்லை, சுவரில் சாய்த்து வைத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு முழங்காலிட்டார். மூச்சை உள்ளே இழுக்கும்போது கதவிடுக்கில் காற்று போவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

நான் போய் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பார்த்த எல்லோரும் அதை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். டிரம்மர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பாடகி அழுதாள், வேறென்ன செய்வாள். மாப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. போனமுறை காப்பாற்றியவன் பக்கத்தில் இருக்கிறான் என்ற நிம்மதி அதில் இருந்தது. இதுதான் இந்தக் கூட்டத்திடம் எனக்குப் பிடிக்காத குணம். எதையும் கவனித்துப் பார்க்க மாட்டார்கள்.

தங்கை அறை முழுக்கத் தேடினாள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், நாற்காலிகளுக்கு அடியில். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, உறை எங்கண்ணா? அதுலதானே ஊசி இருக்கு. எங்க வச்ச?"

ஊசிப்பேனா என் சட்டைப்பையில் இருந்தது, சார். அவள் கை அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"தெரியலையேம்மா" என்றேன்.

அதற்குமுன் அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது அது ஒன்றுதான்.