மாப்பிள்ளையின் சாம்பல்

முதலில் அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். மேசைமேல் வெயில் விழுந்தால் எந்த நிறமும் உள்ளபடி தெரியாது. நன்றி. தலைமை அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். யாரும் கூப்பிடாமல் நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாத இதழில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. கட்டுரைக்கு நடுவே பெட்டிச் செய்தி வரும் இல்லையா, அதன் பின்னணிக்கு மெல்லிய சாம்பல் நிறம் கொடுப்போம். வாசகர் கண்ணில் அது படவே கூடாது. அதுதான் அதன் அழகு. கணினியில் நிறம் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றும் சமமாக இருந்தால் அது கலப்பில்லாத சாம்பல். ஒன்று கூடினாலும் நிறம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அச்சுக்குப் போகும்போது மைக்கணக்கு வேறு. அது இப்போது வேண்டாம். நான் எண்ணைப் பார்த்துத்தான் நிறம் வைப்பேன். யாருக்கும் மனக்கசப்பு வராத வழி.

அப்புறம் என் தங்கையின் வீட்டுக்காரர் எனக்கு மேலதிகாரியாக வந்தார். சிபாரிசு செய்ததே நான்தான். மாப்பிள்ளை என்று வீட்டில் மரியாதை கொடுத்துப் பழகிய வாய், ஆபீசிலும் கொடுத்தது. அவர் எண்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஏதாவது ஒரு புகைப்படத்தில் சுவரையோ மேகத்தையோ தேடிப் பிடித்து, சொட்டுக்குழாய் போலிருக்கும் குறியை அதன்மேல் வைத்து நிறத்தை உறிஞ்சி எடுப்பார். எண்கள் மூன்றும் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும். ஒருநாள் பணிவாகச் சொன்னேன்.

"மாப்ள, நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. எண்ணைப் பாத்து சரி பண்ணிடட்டுமா?"

"எண்ணைப் பாத்து நிறம் வைக்கிறது, கடிகாரத்தைப் பாத்துப் பசிக்கிற மாதிரி மச்சான்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதானே. அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் சாப்பிடும்போது அதை மறுபடியும் சொன்னார். தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தவன் நான்தான்.

கோபமெல்லாம் இல்லை. அவர் எடுத்த சாம்பலை எல்லோருக்கும் பொதுவாகச் சேமித்து வைத்திருந்தோம். எந்தக் கணினியில் அதை மாற்றினாலும் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும். நான் சிவப்பை இம்மி கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைச் சுருக்கினார்.

"மச்சான், இது ரோஸ் அடிக்குதே?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்ள."

ஆசிரியரம்மாவை அழைத்து வர எழுந்து போனார். அவர் திரும்புவதற்குள் சிவப்பைப் பழையபடி இறக்கிவிட்டேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"சாம்பலாத்தானே இருக்கு தம்பி? ராத்திரி சரியா தூங்கினீங்களா?"

அடுத்த முறை பச்சையைக் கூட்டினேன். அதற்கடுத்த முறை நீலத்தை. ஒவ்வொரு தடவையும் அவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் ஆள் வருவதற்குள் நிறம் நல்ல பிள்ளையாகிவிட்டது. அவருடைய கண் அபூர்வமான கண் என்பதை இங்கே நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மந்தமான கண்ணாக இருந்திருந்தால் என்னால் அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த மூன்று எண்களை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் என்னைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பார். கதவை நான் திறந்தேதான் வைத்திருந்தேன். அவர்தான் வரவில்லை.

கண் மருத்துவரிடம் போனார். குறையே இல்லை என்றார் மருத்துவர். அதில்தான் ஆள் ரொம்பவும் ஆடிப்போனார். பேர் தெரியாத வியாதிதான் பெரிய வியாதி என்று அவருக்கு ஒரு எண்ணம். சிக்னல் விளக்கில் சந்தேகம் வந்து கார் ஓட்டுவதை நிறுத்தினார். காலையும் மாலையும் நானே கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட்டேன். பை பையாகக் கேரட் வாங்கிக் கொடுத்தேன். தங்கை போனில் அழுதாள்.

"அண்ணா, காலையில என் மூஞ்சியைப் பாத்து, ஏன் பச்சையா இருக்கேன்னு கேக்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல."

முகத்தில் நான் கை வைக்கவில்லை. அது அவராகவே பார்த்தது.

கடைசியில் ஒருநாள் என் மேசைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே நீங்களே வச்சுடுங்க மச்சான். எண்ணைப் பாத்தே வைங்க."

எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அவராகவே கேட்டு மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு மாறினார். வெள்ளையில் கறுப்பு எழுத்து. நிறத் தொல்லை இல்லை. அவர் நாற்காலி எனக்கு வந்தது. சாம்பலும் சமநிலைக்கு வந்தது.

ஆனால் நீங்கள் சாம்பலுக்காக வரவில்லை என்று எனக்குத் தெரியும். சென்ற இதழில் முதலாளி மேடையில் அழுத படத்தின் கீழே, 'கண் கலங்கினார் நம் முதலை' என்று வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திருத்தி அனுப்பியவர் மாப்பிள்ளை. தப்பு தன்னுடையதுதான், தன் கண் இனி எதற்கும் உதவாது என்று உங்களிடம் சொன்னாராம். அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது அநியாயம். அவர் கையிலிருந்து பக்கம் என்னிடம் வந்தபோது 'முதலாளி' என்றுதான் இருந்தது. முதலை ஆக்கியது நான்.

அவரை எங்கேயும் அனுப்பாதீர்கள். என் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே உட்காரட்டும். நான் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன்.