களத்தில் கழற்றிய பின்சக்கரம்

ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது மாமா, சொல்லுங்க... இல்ல, கிளம்பல... கிளம்பலன்னா கிளம்பலதான். வண்டி ஜாக்கி மேல நிக்குது. பின்னாடி இடது சக்கரம் கழண்டு கீழ கிடக்குது. மூணு சக்கரத்துலயா போளூருக்கு ஓட்டியாறது?

... ஆமா, நான்தான் கழட்டினேன்... ஆமாங்க, என் கையாலதான்... யார கேட்டா? யாரயும் கேக்கல.

... மாமா, கத்தாதீங்க. காது வலிக்குது. நீங்க என் வூட்டுக்காரருக்கு அண்ணன், அந்த மரியாத எப்பவும் இருக்கும். வண்டி புக்கு உங்க பேர்ல இருக்குது, அதுவும் சரி. உங்களுக்கு முதுகு போன அப்பால நீங்களாத்தான் சாவிய என் கையில குடுத்தீங்க, நான் புடுங்கல. இப்ப வந்து, பின்னாடி சத்தம் வருது, பொம்பள ஓட்டி பிக்கப்போட பின்பக்கமே போச்சு, வித்துட்டு வர்றேன்னு போளூர்ல வாங்கற ஆள கூட்டியாந்து உக்கார வெச்சிக்கினு பேசினா, நான் ஒத்துக்க மாட்டேன்.

... இருக்கட்டும். உக்காந்திருக்கட்டும். டீ வாங்கிக் குடுங்க, குடிச்சிட்டு எழுந்து போவட்டும்.

... இன்னா? மெக்கானிக்கு சொன்னாரா? அவரு இன்னா வேணா சொல்லுவாரு! அவரு வண்டிய எங்க ஓட்டினாரு? ஷெட்டுலேர்ந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும், நேர் ரோட்டுல. போனாரு, வந்தாரு, கிரவுன் போச்சு, மொத்தமா மாத்தணும்னுட்டாரு. ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு திருப்பிப் பாத்தாரா?

... சிரிக்காதீங்க. நான் சொல்றத கேட்டுட்டு சிரிங்க. கிரவுன்னா நடுவுல இருக்கற பல்சக்கரம். அது போயிருந்தா, ஆக்சிலேட்டர மிதிச்சா ஒரு சத்தம், விட்டா வேற சத்தம் வரும். நான் மிதிச்சும் பாத்தேன், விட்டும் பாத்தேன். ஊம்ம்ம்னு ஒரே சத்தம். ஆனா வலது பக்கம் வளைச்சா ஏறுது. இடது பக்கம் வளைச்சா அடங்கிடுது. நம்ம மலையில வளைவுக்கா பஞ்சம்? இருபது தடவ பாத்தேன். வலது பக்கம் திரும்பினா பாரமெல்லாம் எந்தப் பக்கம் சாயும்? நீங்களே சொல்லுங்க...

... ஆங்! இடது பக்கம். இடது சக்கரத்து மேல. அப்ப கத்தறது யாரு? அந்தச் சக்கரத்து பேரிங்கு. அவ்ளோதான்.

... அதெப்படி உறுதியான்னா, ஜாக்கி போட்டு சக்கரத்த தூக்கி, பக்கத்து வூட்டு மணியம்மாக்காவ சுத்தச் சொல்லிட்டு, சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கற கமான்பட்டை மேல கைய வெச்சிக்கினு உக்காந்தேன். வலது பக்கம் வழவழன்னு சுத்துது. இடது பக்கம், ராகி அரைக்கற கல்லு சுத்தறாப்ல கர்ர்ருன்னு கையில ஏறுது. அப்பால சக்கரத்த சுத்தற ஆக்சில் ராட உருவினேன். பேரிங்கு முழுக்க புள்ளி புள்ளியா அரிச்சிருக்குது. இதோ பொடவ மடியிலதான் வெச்சிருக்கேன், வந்தா காட்டறேன். நடுவுல அடியில கெடந்த கொஞ்ச ஆயில வடிச்சி வெள்ளத் துணியில புழிஞ்சேன். ஒரு இரும்புத் துண்டு இல்ல. கிரவுனு நல்லா இருக்குது. வண்டியும் உங்கள மாதிரிதான் மாமா. சத்தம் போடறதோட சரி.

... சரி சரி, அது தப்புதான். வுடுங்க.

... களத்துலயா? ஆமா, களத்துலதான் நிக்குது. யாரு போட்டுக் குடுத்தாங்க அதுக்குள்ள?... மாமா, எனக்கும் தெரியும், செருப்போட கூட ஏறக்கூடாத எடம்னு. சாமை அடிச்சி முடிஞ்சி களம் காலியாத்தான் கிடக்குது. ஊர்க்கவுண்டரு வூட்டு வாசல்ல போய் நின்னு கேட்டுட்டுத்தான் ஏத்தினேன். நானும் மணியம்மாக்காவும் வெறுங்காலோட நிக்கறோம். வண்டிக்குத்தான் செருப்ப கழட்ட முடியல, அதனால நாலு டயரயும் கழுவிட்டு ஏத்தினேன். வேல முடிஞ்சதும் சாணி மெழுகிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். அவரே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் துள்றீங்க?

... ஏன் களம்னு கேக்கறீங்களா? கேளுங்க. இதத்தான் கேக்கணும். நம்ம ஊர்ல சமமா இருக்கற எடம் இது ஒண்ணுதான். நம்ம வூட்டு வாசல்ல வண்டி எப்படி நிக்கும்? மூக்க மேட்டுல வெச்சிக்கினு, பின்பக்கம் பள்ளத்துல. அப்படி நிக்கறப்ப பின்னாடி ஆயில் மூடியத் தொறந்தா, இருக்கற ஆயிலெல்லாம் பின்னால சாஞ்சி வாய்ல வந்து நிக்கும். ரொம்பி வழியறாப்ல தெரியும். வெரல வுட்டுப் பாத்துட்டு, ஆங் நெறய இருக்குதுன்னு மூடிடுவோம். ஆயில வடிக்கறதுக்கு முன்னாடி இங்க சமத்துல வெச்சி தொறந்தேன். வெரல் முழுக்க போவுது, ஒரு சொட்டு ஒட்டல. பேரிங்குக்கு எண்ணெயே போவாம வண்டி மலைய ஏறி எறங்கிக்கினு இருந்திருக்குது மாமா.

... என் தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. மூணு தடவ அதே வாசல்ல வெரல வுட்டுப் பாத்து மூடினவ நான்தான்... ஆமா, ஆமா, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு அப்படிப் பாக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?

... பதினோரு வருஷம் நீங்க எங்க வெச்சிப் பாத்தீங்க? அதே வாசல், அதே பள்ளம். நீங்க பாத்தா அனுபவம், நான் பாத்தா பொம்பள ஓட்டிக் கெடுத்துட்டாளா?

... சரி, வுடுங்க. ரெண்டு பேரும் தப்பு. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம அப்படித்தான் பாக்கறாங்க.

... நேத்தா? ஆமா, நேத்து போளூர் பஸ்ல ஆக்சில் ராட ஏத்திக்கினு வந்தது நான்தான். கோணியில சுத்தித் தோள்ல வெச்சிக்கினு. கண்டக்டரு இன்னாம்மா ஒலக்கையான்னாரு. ஆமாங்க, வூட்ல ஒருத்தருக்குத் தேவப்படுதுன்னேன்... அய்ய, உங்களச் சொல்லல! பட்டறையில பழைய பேரிங்க எடுத்துட்டுப் புதுசு ஏத்தி, ஆயிலு ஒழுகாம தடுக்கற சீலும் புதுசு வாங்கிக்கினு வந்தேன். இன்னிக்கு ராட உள்ள வுட்டாச்சு. மணியம்மாக்கா பிரேக்க மிதிச்சாங்க, நான் பிரேக்கு பைப்புல நின்ன காத்த எடுத்தேன். ஆயிலு ஊத்தியாச்சு, சமத்துல வெச்சி. சக்கரம் ஒண்ணுதான் பாக்கி. போன வெக்காதீங்க. மாட்டிட்டு ஓட்டிக் காட்டறேன், உங்க காதால கேளுங்க.

... பேசிக்கினே இருங்க, திட்டறதுன்னா திட்டுங்க... யக்கா, அந்த நட்ட எடு... ம்... ம்... கேக்குது மாமா, திட்டுங்க... குறுக்கால முடுக்கணும்க்கா, வரிசையா இல்ல... ம்... ஆச்சு. ஜாக்கிய எறக்கிட்டேன். யக்கா, கல்ல எடுத்துடு!

மாமா, ஸ்பீக்கர்ல போட்டு முன்னாடி வெச்சிருக்கேன். களத்துலேர்ந்து எறங்கறேன்... இப்ப தார் ரோடு... மொதல் வளைவு இடது பக்கம். இதுல முன்னயும் சத்தம் வராது... அடுத்தது வலது. இப்பதான். நான் பேசல. நீங்க கேளுங்க.

......

கேட்டுதா? இன்னா கேட்டுது?... அது டயரு தார்ல ஓடற சத்தம். வேற?... வேற இன்னா கேட்டுது, சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க... ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்லன்னு ஒரு தடவ சத்தமா சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவருக்கும் கேக்கட்டும்.

... இன்னா?... இன்னா சொன்னீங்க?... சத்தம் போயிடுச்சின்னா இன்னும் நல்லா வெல போவுமா? மாமா! நான் நாலு நாளா வண்டிக்கு அடியில படுத்துக்கினு கெடந்தது இதுக்குத்தானா?

நில்லுங்க. ஓரமா நிறுத்திட்டேன். அவருகிட்ட போன குடுங்க... குடுங்க மாமா. பயப்படாதீங்க, மரியாதயாத்தான் பேசுவேன்.

... வணக்கம்ணா. நான் ரஞ்சிதம், இந்த வண்டி ஓட்டறவ... ஆங், நல்லா இருக்கேன். நீங்க அவ்ளோ தூரம் வந்து உக்காந்திருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. வண்டி விக்கறதுக்கு இல்லண்ணா... இல்ல, வெல பேசறதுக்காகச் சொல்லல. புக்கு எங்க மாமா பேர்ல இருக்குது, அவரு கையெழுத்துப் போடலாம். ஆனா வண்டியும் சாவியும் மலை மேல என்கிட்ட இருக்குது. நான் எறக்கிக் குடுக்க மாட்டேன். நாளைக்கு செங்கம் சந்தைக்கு ஏழு வூட்டுப் புளி ஏத்தறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்... ஆமாண்ணா, நானேதான் ஓட்டறேன். அஞ்சு வருஷமா... பிடிச்சிருக்குது, அதான் ஓட்டறேன். இத எங்க மாமாகிட்டக் கூட நான் சொன்னதில்ல. எனக்கு வண்டி ஓட்டறது ரொம்பப் பிடிச்சிருக்குதுண்ணா... ம்... ம்... ரொம்ப சந்தோஷம். அவருகிட்ட குடுங்க.

... மாமா? இன்னா சொன்னாரு?... எழுந்து போய்ட்டாரா? டீ குடிச்சாரா?... குடிக்காமயா! பாவம்.

... திட்டுங்க, திட்டுங்க. கேட்டுக்கினுதான் இருக்கேன்... உங்க தம்பிகிட்டயா? தாராளமா சொல்லுங்க. காபித் தோட்டத்து வேலையில இருக்காரு, சாயங்காலம்தான் போன எடுப்பாரு. ராத்திரியே அவருகிட்ட நான் எல்லாம் சொல்லிட்டேன், ஆயிலு விஷயம் மொதக்கொண்டு.

... இன்னா மாமா?... பஸ்ஸு போயிடுச்சா? உங்க முதுகு வலியோட இன்னும் ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்திருப்பீங்களா?... அப்ப அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்... ஆமா, இந்த வண்டியிலதான். வேற எதுல வருவேன்? களத்த மணியம்மாக்கா பாத்துக்குவாங்க, வந்து மெழுகறேன்.

ஆனா ஒண்ணு. ஏறி உக்காந்துக்கினு வளைவுக்கு வளைவு மெதுவா மெதுவான்னு சொல்லக்கூடாது... இல்ல, இன்னொண்ணும் இருக்குது. புக்கு பையிலதான வெச்சிருக்கீங்க? அத எடுத்து என் கையில குடுத்துட்டு, அப்பால கதவத் தொறங்க... ஆமா... விளையாடல மாமா. குடுத்தாத்தான் ஏறலாம். இல்லன்னா அஞ்சரை பஸ்லயே வாங்க, நான் காலி வண்டியத் திருப்பிக்கினு வந்துடறேன்.

... ஹலோ?... இப்ப இன்னா சொன்னீங்க, சரின்னா சொன்னீங்க?... ஹலோ... மாமா...