நாற்பதாவது கோப்பு

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. தேதி, நேரம், ஆளின் எண். இரண்டு வருடத்துக்கு முந்தையதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்ட கோப்பும் அதனால்தான் உடனே கிடைத்தது.

உளவியல் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக நிரல் எழுதும் மாணவன் நான். ஆய்வு எளிமையானது. சத்தம் புகாத சின்ன அறையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து, திரையில் வரும் வட்டங்களைப் பார்த்து விசையைத் தட்ட வேண்டும். நாற்பது நிமிடம். கதவு கனமானது, வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். முடியாதவர்களுக்காக உள்ளே மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பக்கத்து அறையில் என் மேசையில் மணி அடிக்கும், நான் போய்த் திறப்பேன்.

தலைவலியே அந்தப் பொத்தான்தான். பாதியில் எழுந்து வந்தவரின் தரவு குப்பைக்குப் போகும். நாற்பது முழுக் கோப்புகள் இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் தேறியவை பதினொன்று. வீட்டில் அம்மாவோ என்னை டாக்டர் என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் போன் போட்டு முட்டிவலிக்கு மருந்து கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அந்த இரண்டு அறைகளை விட்டு நான் வெளியே வர எந்தப் பொத்தானும் இல்லை.

நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். பொத்தானை அழுத்தினால் 'இதோ வருகிறோம்' என்று திரையில் வரும், மணி முப்பது நொடி கழித்து அடிக்கும். அதற்குள் சிலர் சமாதானமாகி மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள். முப்பது நொடியை இரண்டு நிமிடமாக்கினேன், பிறகு பத்து. கடைசியில் மணியையே எடுத்துவிட்டேன். வெளியே வந்து, அழுத்தினேனே என்று கோபப்பட்டவர்களிடம் வயரில் கோளாறு என்று மன்னிப்புக் கேட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்தேன். யாரும் பெரிதுபடுத்தவில்லை. இரண்டே மாதத்தில் முப்பத்தொன்பது ஆயிற்று.

நாற்பதாவதாக வந்தவள் அந்த முதலாம் ஆண்டு மாணவி. பையை வெளியே வைக்க வேண்டும் என்பது ஆய்வக விதி. என் மேசைமேல் வைத்துவிட்டு, தனக்கு மூச்சிரைப்பு உண்டு, மருந்து பையில் இருக்கிறது என்றாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"அண்ணா, நடுவுல முடியலைன்னா வந்துடலாம்ல?"

"பட்டனை அழுத்தும்மா. நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."

அதில் பொய் இல்லை. பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

இருபத்தாறாவது நிமிடத்தில் முதல்முறை அழுத்தினாள். ஒவ்வோர் அழுத்தமும் என் திரையில் ஒரு வரியாக விழும். சரசரவென்று விழுந்தன. எண்ணினேன், நாற்பத்தாறு. முப்பத்தொன்றாவது நிமிடத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டேன். வட்டங்களுக்கும் அவள் தட்டவில்லை. தட்டாமல் விடுவதும் தரவுதான், அதற்கும் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். பையை ஒருமுறை பார்த்தேன். முன் ஜிப் பாதி திறந்து, மருந்துக் குழல் நீலமாகத் தெரிந்தது. ஒன்பது நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

அப்போதே திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. தெரிந்தேதான் திறக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைத் தவிக்கவிட்டு எங்கோ போய்விட்டேன் என்று வெளியே பேசுகிறார்களாம். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. நேரம் முடிந்ததும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அவளுக்குக் கதவைத் திறந்தவன் நான்தான்.