மூணு நாள் கைடு சார்ஜ்

மூவாயிரத்தி ஐநூறும்மா! ஒரு நாளைக்கி! கைடுக்கு மட்டும்! அவருக்கு சோறு தனி, ரூம்பு தனி... இரு இரு, கம்பிய கெட்டியா புடிச்சிக்கோ. பிள்ளைப்பாக்கம் தாண்ற வரைக்கும் ஒரே பள்ளம், நம்ம கம்பெனி பஸ்ஸு டிரைவரு ஒண்ணையும் வுடமாட்டாரு.

நீ கனகலட்சுமிதானே? நேத்துதானே நம்ம ஒயரிங் லைன்ல சேந்த? நான் மஞ்சுளா. சங்கரன்கோவில் பக்கமாமே நீ, பி.ஏ. இங்கிலீஷாமே! அதுக்குத்தான் ஒன் பக்கத்துல வந்து ஒக்காந்தேன், மறைப்பானேன். இந்தா என் போனு. ஒரு கம்ப்ளெயின்ட் எழுதணும் கண்ணு. நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷ்ல அடி. ஓரகடம் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

யாரு மேலயா? கைடு மேலதான்! போன மாசம் லடாக் போனோம்ல, நம்ம லைன்லேர்ந்து எட்டு பேரு. ஒரு வருச ஓ.டி. காசும்மா! ஞாயித்துக்கெழமகூட வுடாம பாத்த ஓ.டி. எல்லாம் அந்த நீலக்கலர் ஏரிய பாக்கத்தான். பாத்தோமா? ஒரு மண்ணும் பாக்கல! மூணு நாளு அந்தாளு சும்மா ஒக்காந்திருந்தாரு. இப்ப அந்த மூணு நாளுக்கும் பில்லு! நேத்து டூர் ஆபீஸ்காரன் எங்க டூரு வாட்சப் க்ரூப்புல போட்டுக்கீறான். 'கைடு வேல செய்யலன்னு எழுதிக் குடுங்க, அவரு சம்பளத்துல புடிச்சிக்கிறோம்'னு. எழுத வேண்டியது நானு. டூரு பேசினது நாந்தானே.

'டியர் சார்' போட்டியா? 'ரெஸ்பெக்டட்'டும் சேத்துக்கோ, காசா பணமா.

தமிழ் தெரிஞ்ச கைடுன்னு சொல்லித்தான் அந்த ரேட்டே போட்டான். பேரு தோண்டுப்பு. அதோ, முன்னாடி சீட்ல வாயத் தொறந்துகினு தூங்குறாரே ஜீவானந்தம் சாரு, நம்ம சூப்பர்வைசரு, அவரு ஏர்போர்ட்லயே டெஸ்ட்டு வெச்சாரு. 'வணக்கம்'னாரு கைடு. 'சாப்ட்டாச்சா'ன்னாரு. அப்பறம் 'மெதுவா, மெதுவா'. அவ்ளோதான்! தீந்துபோச்சி தமிழு! படியேறினா 'மெதுவா மெதுவா'. பொட்டி தூக்கினா 'மெதுவா மெதுவா'. எனக்கு சிரிப்பு தாங்கல. மெதுவாவா? யாரப் பாத்து?

ஒனக்குத் தெரியாதுல்ல. போன வருசம் கைசன் போட்டியில ஃபர்ஸ்ட் ப்ரைஸ் நாந்தாம்மா! கைசன்னா... ஒனக்கும் ட்ரெயினிங் குடுப்பாங்க. வேலையில எங்க சும்மா நேரம் போவுதுன்னு பாத்து அத்த வெட்டணும். நான் ஒயரு டப்பாவ எட்துட்டு வந்து வலது கைப்பக்கம் வெச்சேன். ஒரு பீஸுக்கு ஏழு செகண்ட் மிச்சம்! மேடையில கூப்ட்டு இண்டக்சன் அடுப்பு குடுத்தாங்க. அன்னிலேர்ந்து எத்தப் பாத்தாலும் வெட்டணும்னுதான் கை வருது. எங்க வூட்டுக்காரரு டீய ஆத்தி ஆத்தி குடிப்பாரு... அத்தக்கூட வெட்டிட்டேன். இப்ப வெளியில போயி கடையில குடிக்கிறாரு பாவம்.

இன்னா சொன்னேன்? ஆங், டூரு. ப்ளானு அனுப்பினான். மொத நாளு ரெஸ்ட்டு. ரெண்டாவது நாளும் ரெஸ்ட்டு! படுத்துகினு கெடக்கறதுக்கு ரூம்பு காசு, கைடு காசு! ஐடில் டைமும்மா! ரெண்டு முழு நாளு! நான் வுடுவனா? போனப் போட்டு வெட்டுன்னேன். 'ஒசரமான எடம் மேடம், ஒடம்பு பழகணும்'ன்றான். 'நாங்க பன்னெண்டு மணி நேரம் நின்னுகினே வேல செய்யறவங்க, எங்களுக்கு இன்னா புதுசா பழகறது'ன்னேன். எழுதிக் குடுங்கன்னான். குடுத்தேன். தலைக்கி நாலாயிரத்தி எரநூறு கொறஞ்சிது! கேன்டீனே கை தட்டிச்சி. ரஞ்சனி, டிரைவருக்குப் பின்னாடி பச்ச துப்பட்டா தெரியுதே அவதான், அவ பங்கு பாயசத்தையும் எனக்கே குடுத்துட்டா. எப்டி கொறச்சன்னு யாரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல.

ஏம்மா டைப் அடிக்கறத நிறுத்திட்ட?

அப்டி பாக்காத. எறங்கின அன்னிக்கே மலையேறிட்டோம். மேல போயி ஒரு செல்ஃபி எட்தேன், அதுதான் தெரியும். கண்ணத் தொறந்தா ஆஸ்பத்திரி. மூக்குல குழா. தோண்டுப்புதான் என்ன முதுவுல தூக்கினு எறங்கினாராம். எழுவத்தெட்டு கிலோம்மா நானு! ஏரிக்கி வண்டி ரெடியா நின்னுச்சி. மீதி ஏழு பேருல ஒருத்தர்கூட ஏறல! ரஞ்சனி என் கட்டிலு காலாண்டயே கெடந்தா. ஜீவானந்தம் சாரு வராண்டாவுல. அந்தாளும் அங்கியேதான்... மூணு நாளும்... சும்மா ஒக்காந்திருந்தாரு. அவரு வூட்லேர்ந்து கஞ்சி கொண்டாந்து ஊட்டிக்கினு. 'சாப்ட்டாச்சா, சாப்ட்டாச்சா'ன்னுகினு.

ரெஸ்ட்டு குடுக்காம மலைக்கி இட்டுனு போனது அவருதான்னு நம்ம ஆளுங்க இன்னும் திட்றாங்க. அவருக்குக் கீற மூணு வார்த்த தமிழ்ல இன்னான்னு எடுத்து சொல்லுவாரு? நானும் கூட சேந்துகினு திட்றேன் கனகு. வெக்கமா கீது. ரஞ்சனி மூஞ்சிய பாத்து ஒரு மாசமா நேரா பேச முடியல.

அழி. அழிச்சிடு எல்லாத்தையும். டியர் சாரையும் அழி. அந்த க்ரூப்புலயே தமிழ்ல அடி, எல்லாருக்கும் புரியட்டும். 'ரெஸ்ட்ட வெட்டினது மஞ்சுளா. கைடு மேல தப்பில்ல. அவரு பில்ல நானே கட்டிடறேன்.' மூணு நாளு... பத்தாயிரத்தி ஐநூறு... அய்யய்யோ! பரவால்ல, அடி. மனசு மாறறதுக்குள்ள அடி! ஆனா இப்ப அனுப்பாத. கேட்டாண்ட பஸ்ஸு நின்னதும் நான் மொதல்ல குதிச்சி ஓடிடறேன், அப்பறமா...

அனுப்ட்டியா?

அடிப்பாவி! முன்னாடி டிங்குன்னுது! பின்னாடியும்! ஜீவானந்தம் சாரே முழிச்சிட்டாரு! நான் சீட்டுக்குக் கீழ குனிஞ்சிக்கிறேன், நீ பாத்து சொல்லு. ரஞ்சனி படிக்கிறாளா? மொகம் எப்டி கீது? எழுந்துட்டாளா? சிரிச்சிக்கினு வர்றாளா, சும்மா வர்றாளா? கையில இன்னா கீது? டிபன் பாக்ஸுன்னா மட்டும் சீக்கிரம் சொல்லும்மா, தலைய மறைச்சிக்கிறேன்!