உயிருள்ள தண்ணீர்

மழை பெய்தால் கரிசல் மண் செருப்பை லேசில் விடாது. ஸ்டேஷன் தரையை அழுக்காக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும் ஐயா. இனி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நாகலாபுரத்தில் என் மனைவி வெயிலுகந்தம்மாளின் வீட்டில் ஏழு வருஷமாக இருக்கிறேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், ஆராய்ச்சிக்காக வேலையை விட்டேன். உயிர் எப்படித் தோன்றியது என்பது சின்ன விஷயமா? சோவியத் புத்தக வேனில் வாங்கியதையெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்து படிப்பேன். வெயிலு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவருவாள். அவள் அண்ணன் மந்திரமூர்த்தி மச்சான் பருத்திக்காட்டில் பாடுபடுவார். சந்தோஷமான குடும்பம்.

ஆதிக் கடலில் சில மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று உதவிப் பெருகின. கூடவே ஒட்டுண்ணிகளும் வந்துவிட்டன. ஒரு வேலையும் செய்யாமல் மற்றவற்றின் தயவில் அவையும் பெருகும். அவற்றை வெளியே தள்ளாத கூட்டம் அழிந்துபோகும். படிக்கும்போதே எனக்கு ஆத்திரமாக வரும்.

போன ஆடியில் மச்சான் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தைக்குள் நடந்துவிடுவார் என்றார் வைத்தியர். அன்றிலிருந்து கட்டிலில் படுத்தபடியே மூன்று வேளையும் சாப்பிட்டார். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று வெயிலுவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன்குழம்பில் எனக்கு வரவேண்டிய நடுத்துண்டு அவர் தட்டுக்குப் போனது வேறு விஷயம்.

அவருக்குப் பொழுது போகட்டுமென்று ஒரு கரைசல் செய்து காட்டினேன். உப்புகளை அளவாகக் கலந்தால் அது தானாகச் சிவக்கும், நீலமாகும், மறுபடி சிவக்கும். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"ஏ மாப்ள, யாரும் தொடாமலே மாறுதே! இதுக்கு உசிரு இருக்கு. ஒரு மடக்கு குடிச்சா என் இடுப்புக்கும் உசிரு வந்துரும்லா?"

"வரும் மச்சான்," என்றேன்.

விஷம் என்று அந்த உப்புப் பாட்டில் மேலேயே அச்சடித்திருக்கிறது. மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. கசக்குமே என்று கருப்பட்டி கரைத்து, பெரிய டம்ளரில் நானே கொடுத்தேன்.

"நீங்க படிச்சவிய. ஒங்க கையால குடுத்தா தப்பாது."

ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

ஆமாம், கொல்லத்தான் கொடுத்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று ஊர் பேசுகிறது. அந்த வீட்டைக் காப்பாற்றியவனே நான்தான், அதில் எனக்குத் திருப்தி. புகார் கொடுத்த வெயிலுவின் மேல்கூட வருத்தமில்லை. விதைப்புக்கு ஆளில்லாமல் அவளே ஏர் பிடிக்கிறாள், பாவம். எனக்குச் சோறு வைக்கத்தான் மறந்துபோகிறாள்.

இங்கே மூன்று வேளையும் போடுவீர்கள்தானே, ஐயா?